தவணை முடியுமுன் ஓயும் இயந்திரம்

வாழைச்சேனைக் கடைத்தெருவிலே பழுதுபார்க்கும் கடை ஒன்று உண்டு. மின்விசிறி, வானொலிப் பெட்டி, நீர் இறைக்கும் மோட்டார், தையல் இயந்திரம் என்று அங்கே வராத பொருள் இல்லை. அண்மையில் ஒரு நாள் அக்கடையின் மூலையில், காலால் மிதித்து ஓட்டும் கறுப்புத் தையல் இயந்திரம் ஒன்றைக் கண்டோம். அதன் உடலிலே தீட்டப்பட்டிருந்த பொன்னிறப் பூவேலை பாதி தேய்ந்திருந்தது. உரியவரின் தாயார் தமது திருமணத்துக்கு முன்னரே வாங்கியதாம். தோல்வார் அறுந்துவிட்டது, புதுவார் மாட்டி, நான்கு இடங்களில் எண்ணெய் விட்டால் மாலையில் எடுத்துச் செல்லலாம். அதன் அருகிலே வெள்ளை வெளேரென்ற சலவை இயந்திரம் ஒன்று நின்றது. தவணை முறையிலே வாங்கி 16 மாதங்களே ஆகியிருந்தன. முகப்பிலே பளபளக்கும் கண்ணாடித் தகடு. விரல் பட்டால் ஒளிரும் 14 குறிகள். அந்த ஒளி இப்போது அணைந்துவிட்டது. ஓராண்டு உத்தரவாதம் முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன.

“இன்னும் எட்டு மாசம் கட்டுக்காசு கிடக்கு அண்ணன்” என்றார் அதனைக் கொண்டுவந்த பெண்மணி.

“தொறக்கலாம் தங்கச்சி, தொறந்தும் ஒண்டும் செய்ய ஏலாது. உள்ளுக்குக் கிடக்கிற பலகையை முழுசா மாத்தணும். அது கொழும்பிலயும் கிடைக்குமோ தெரியா. கிடைச்சாலும் பாதி மெசின் விலை” என்றார் கடைக்காரர்.

இவ்விரு கூற்றுக்களுமே இக்கட்டுரைக்குக் காரணமாயின. ஒரு பொருள் இறந்துவிட்டது; அதன் கடன் உயிரோடு இருக்கிறது. மற்றொரு பொருளின் கடன் என்றோ தீர்ந்து, வாங்கியவரும் மறைந்துவிட்டார். பொருள் மட்டும் இன்றும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. இந்த வேறுபாடு எவ்வாறு வந்தது? இது வெறும் இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடுதானா?

இத்தகைய காட்சிகளைக் காணும்போது நம்மவர்கள் இருவகையாகப் பேசுவதுண்டு. ஒரு சாரார், அந்தக் காலத்துப் பொருளுக்கு ஈடுண்டா என்று பெருமூச்சு விடுவர். மற்றச் சாரார், காலம் முன்னேறுகிறது, பழையது போகத்தான் வேண்டும், புதிதாக ஒன்றை வாங்குவதே நாகரிகம் என்பர். முதலாவது குரலை நம்முடைய கதைகளிலும் கவிதைகளிலும் அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவது குரல் விளம்பரங்களிலே ஒலிக்கிறது. இவையிரண்டும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றினும், ஒரே கேள்வியை இரண்டும் தவிர்த்துச் செல்கின்றன. ஒரு பொருள் எத்தனை காலம் உழைக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார் என்பதே அக்கேள்வி.

முதலிலே பெருமூச்சினை ஆராய்வோம். அம்மி நூறு ஆண்டு கிடந்தது என்று பாடுகிறவர்கள், அம்மியின் முன்னே குந்தியிருந்தவளைப் பற்றிப் பாடுவது குறைவு. கல்லுக்குத் தேய்மானம் சிறிது. அவளுடைய முதுகுக்கும் முழங்காலுக்கும் தேய்மானம் பெரிது. விடியுமுன் எழுந்து உரலில் நெல்லுக் குற்றிய பெண், குற்றி முடித்தபின் வயலுக்கும் போனாள். மூடியிலே பித்தளைச் சேவல் வைத்த கரி இஸ்திரிப் பெட்டி இன்று நகரத்து வரவேற்பறைகளிலே அலங்காரப் பொருளாக வீற்றிருக்கிறது. அதனைத் தூக்கித் தேய்த்த சலவைத் தொழிலாளியின் தோள் வலியையும், அவன் உள்வாங்கிய கரிப்புகையையும் அந்த அலங்காரம் நமக்குச் சொல்வதில்லை. பழைய பொருள் நீண்ட காலம் உழைத்தது மெய். அதனோடு சேர்ந்து ஒரு மனித உடலும் உழைத்துத் தேய்ந்தது என்பதும் மெய். இரண்டாவது உண்மையை மறைத்து முதலாவதை மட்டும் போற்றுவது பிற்போக்கேயாகும். அதற்கு முற்போக்கு எழுத்தாளன் துணைபோதல் தகாது.

இன்னொன்றும் உண்டு. பழம்பொருள்களிலே நம் கண்ணுக்குப் படுவன எஞ்சியவை மட்டுமே. உடைந்து, துருப்பிடித்து, பழைய இரும்புக்காரனிடம் போய்ச் சேர்ந்தவற்றை எவரும் எடுத்துக் காட்டுவதில்லை. ஆகவே எஞ்சிய ஒன்றைக் கொண்டு அக்காலத்துப் பொருளெல்லாம் அப்படியே இருந்தன என்று தீர்ப்புச் சொல்வது முறையன்று. நெடுநாள் ஓடும் பழைய குளிர்சாதனப் பெட்டியும் குறையற்றதன்று. அது உறுதியாக இருக்கலாம். ஆனால் அதே அளவான இன்றைய பெட்டியைவிட மிகுதியான மின்சாரத்தை உண்பது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் நம் நாட்டில் மின்கட்டணம் சராசரியாக முறையே 75 வீதமும் 66 வீதமும் உயர்ந்தபோது, பழம்பொருளின் உறுதியை மெச்சியவர்கள் அதன் பசியையும் உணர்ந்திருப்பர்.

எனவே பழமையைப் போற்றுவது நமது நோக்கமன்று. அந்தக் கறுப்புத் தையல் இயந்திரத்தின் வரலாற்றையே சற்று நோக்குவோம். பெண்ணின் கையிலிருந்து ஒரு பெரும் சுமையை இறக்கி வைத்த சாதனம் என்று அதனைச் சொல்வதுண்டு. இயந்திரங்களைப் பற்றி மிகுந்த ஐயம் கொண்டிருந்த காந்தியடிகள்கூட, 1924இல் தம்மைச் சந்தித்த ஒருவரிடம் பேசுகையில், தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார்; மனைவி படும் பாட்டைக் கண்ட கணவனின் அன்பிலே பிறந்தது அது என்பது அவர் கருத்து. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே, 1867இல் வெளிவந்த ‘மூலதன’த்தின் முதற் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் அதே இயந்திரத்தை வேறொரு கண்கொண்டு பார்த்தார். உடை, தொப்பி, காலணி முதலிய தொழில்கள் அனைத்தையும் தலைகீழாக்கிய இயந்திரமாக அதனை இனங்கண்டார்; ஊசியை நம்பி வாழ்ந்த ஏழைப் பெண்களின் வாழ்வை அது எவ்வாறு நொறுக்கியது என்பதையும் எழுதிவைத்தார். ஒரே இயந்திரம், ஒருவர் அதிலே அன்பைக் கண்டார், மற்றவர் சுரண்டலைக் கண்டார். இருவர் கண்டதும் பொய்யன்று. வீட்டுத் திண்ணையிலே தன் பிள்ளைக்குச் சட்டை தைப்பவளின் கையில் அது ஒரு பொருள். முதலாளியின் கொட்டிலிலே கூலிக்குத் தைப்பவளின் முன்னே அது வேறொரு பொருள். இரும்பு மாறவில்லை, உறவு மாறிற்று.

தவணைமுறை என்பதும் இன்று நேற்று வந்ததன்று. அதனைப் பெருமளவில் உலகுக்குப் பழக்கியதே தையல் இயந்திர வணிகந்தான். அமெரிக்காவிலே சிங்கர் நிறுவனம் 1856 அளவில், சிறுதொகையை முதலிற் கட்டி எஞ்சியதை மாதந்தோறும் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தது. 1877இல் அந்நிறுவனம் கொழும்புப் புறக்கோட்டையிலே தன் முதற் கடையைத் திறந்தது. ஆகவே நம் பாட்டிமாரும் கடன்பட்டே வாங்கினார்கள். அவர்களும் மாத முடிவை நினைத்துக் கவலைப்பட்டார்கள். அக்காலத்து வணிகன் தருமவான் என்று நாம் எண்ணிவிடுதல் கூடாது. வேறுபாடு ஓரிடத்திலேதான் இருக்கிறது. அன்று கடன் முடிந்தது, இயந்திரம் எஞ்சியது. இன்று இயந்திரம் முடிகிறது, கடன் எஞ்சுகிறது. அன்று கடன் தீர்ந்த நாள்முதல் அந்த இயந்திரத்தின் உழைப்பு அவளுக்கே உரியதாயிற்று. இன்றோ கடன் தீருமுன் பொருள் ஓய்ந்துபோகிறது. மீண்டும் ஒரு கடன், மீண்டும் ஒரு பொருள். பொருளுக்கு உடைமையாளர் என்று நம் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதுகிறார்கள். உண்மையில் நாம் வாடகைக்கு இருப்பவர்களே.

அப்படியாயின் புதியன யாவும் தீயனவோ? இக்கேள்விக்கு நம் குசினியிலேயே விடை இருக்கிறது. ஓர் ஆளி மட்டுமே கொண்ட எளிய மின்சார அரிசிக் குக்கரை எடுத்துக்கொள்வோம். 1955 டிசெம்பரில் யப்பானிலே தோஷிபா நிறுவனம் தானியங்கிக் குக்கரை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனை உருவாக்கியவர் பெரிய ஆராய்ச்சிக்கூடத்து அறிஞர் அல்லர். யோஷிதாதா மினாமி என்ற சிறு பட்டறைக்காரர். சோறு பதமாக வேகும் வெப்பநிலையையும் நேரத்தையும் காண, மாறி மாறிச் சமைத்துப் பார்த்துக் குறித்தவர் அவருடைய மனைவி ஃபுமிக்கோ. அடுப்படியின் துன்பத்தை அறிந்த ஒரு பெண்ணின் உழைப்பு அதற்குள் இருக்கிறது.

பின்னர் பரவலாக வந்த எளிய குக்கர் இயங்கும் முறையை எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளக்கிவிடலாம். பானையிலே நீர் இருக்குமட்டும் அதன் அடி ஏறக்குறைய 100 பாகை செல்சியசுக்கு மேல் ஏறாது. நீர் முழுவதும் சோற்றிலே சுவறியதும் வெப்பநிலை மேலே ஏறும். அவ்வாறு சில பாகை ஏறியவுடன், அடியிலே வைக்கப்பட்டுள்ள சிறப்பு உலோகத் துண்டு காந்தத்தாற் கவரப்படும் தன்மையை இழக்கிறது. உடனே ஒரு வில் விடுபட்டு ஆளியைத் தள்ள, சூடாக்கும் மின்சாரம் நிற்கிறது. இவ்வளவுதான். இயற்கையின் ஒரு விதி, ஒரு காந்தம், ஒரு வில். கணிப்பான் இல்லை, ஒளிரும் திரை இல்லை. பழுதானால் கம்பியோ ஆளியோ மாற்றினால் போதும். விறகு பொறுக்கும் வேலையிலிருந்தும், கண் எரியப் புகையூதும் வேலையிலிருந்தும், கஞ்சி வடிக்கக் காத்திருக்கும் வேலையிலிருந்தும் அது பெண்ணை விடுவித்தது. அம்மியைப் போல அவளுடைய முதுகை அது கேட்கவில்லை. அந்தச் சலவை இயந்திரத்தைப் போல அவளை ஏமாற்றவும் இல்லை. புதுமை என்றால் இதுவே புதுமை. நாம் வேண்டுவதும் இதுவே.

ஆனால் சந்தை இந்த இடத்திலே நிற்க உடன்படுவதில்லை. ஓர் ஆளி போதுமான பெட்டிக்குப் பன்னிரண்டு பொத்தான்கள் வருகின்றன. சோறு, கஞ்சி, பணியாரம், தயிர், நாளை காலைக்குரிய நேரக்கட்டளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. அவற்றிலே இரண்டையே வீட்டார் பயன்படுத்துவர். விலையோ பன்னிரண்டுக்கும் கொடுப்பர். அக்குறிகளையெல்லாம் ஆள்வதற்கு உள்ளே ஓர் இலத்திரனியற் பலகை வேண்டும். நமது கரையோரத்தின் உப்புக்காற்றும் ஈரப்பதனும் அத்தகைய பலகையின் நுண்ணிய இணைப்புக்களை அரிப்பவை. எம் பகுதியின் மின்னழுத்தமோ ஏறியும் இறங்கியும் விளையாடுவது. மின்சாரம் நின்று மீண்டு வரும் கணத்தில் எழும் அதிர்வைத் தடித்த கம்பிச்சுருள் தாங்கிக்கொள்ளும், பலகை தாங்குவதில்லை. இவை மட்டுமாயின் தொழினுட்பக் குறை என்று விட்டுவிடலாம். அடுத்தது குறையன்று, கொள்கை. பெட்டியைத் திருகாணி கொண்டு மூடாமல் பசையிட்டும் கொக்கியிட்டும் மூடுகிறார்கள். திருகாணி இருந்தாலும் அதன் தலை நம் கடைகளிலுள்ள திருப்புளி எதற்கும் பொருந்தாது. ஒரு தடை எரிந்தாலும் முழுப் பலகையையும் வாங்க வேண்டும். இரண்டு ஆண்டு கழிந்தால் அந்த மாதிரியே சந்தையில் இராது. மின்சுற்று வரைபடத்தைப் பழுதுபார்ப்பவன் கண்ணிலே காட்டுவதில்லை. பழைய வால்வு வானொலிகள் பலவற்றின் உட்புறத்தில், திறப்பவனுக்கு உதவியாக, வால்வுகள் இருக்கும் இடங்களைக் காட்டும் தாள் ஒட்டப்பட்டிருந்ததை நம்மிற் சிலர் கண்டிருக்கிறோம். அன்று தயாரிப்பாளன் திறப்பவனை எதிர்பார்த்தான். இன்று அவனைத் திருடனாகக் கருதுகிறான்.

பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்த கதையும் கற்பனையன்று. 1924 டிசெம்பரில் ஜெனீவாவிலே உலகின் பெரும் மின்குமிழ் நிறுவனங்கள் கூடி ‘போபஸ்’ என்னும் கூட்டிணைப்பை அமைத்தன. ஒஸ்ராம், பிலிப்ஸ் போன்றவை அதில் அடங்கும். அதுகாறும் 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்த குமிழ்கள் இனி 1,000 மணி நேரமே எரிய வேண்டுமென்று அவை விதி செய்தன. ஆயுள் குறைந்த குமிழ் சற்றுக் கூடிய ஒளி தரும் என்ற தொழினுட்பக் காரணம் ஒன்று உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும், குறித்த அளவுக்கு மேல் நீண்டு எரியும் குமிழைச் செய்த நிறுவனம் தண்டப்பணம் செலுத்த வேண்டும் என்று எழுதிவைத்தார்களே, அது ஒளியின்மேற் கொண்ட காதலாலா? நன்றாகச் செய்ததற்குத் தண்டனை என்ற விசித்திரம் ஏகபோகத்தின் சட்டப் புத்தகத்திலே மட்டும் காணக்கூடியது. 1939இல் மூண்ட போர் அக்கூட்டிணைப்பைக் கலைத்தது. அதன் சிந்தனை கலையவில்லை. 1932இல் பேர்னாட் லண்டன் என்ற அமெரிக்கர், பொருளாதார மந்தத்தைத் தீர்க்கப் பொருள்களுக்குச் சட்டப்படி ஆயுள் குறித்து, காலம் முடிந்ததும் அழித்துவிடலாம் என்று ஒரு சிறு நூலே எழுதினார். 1960இல் வான்ஸ் பக்கார்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இப்போக்கினைக் கண்டித்து எழுதிய நூல் உலகெங்கும் பேசப்பட்டது.

மறுபுறத்தையும் பார்ப்போம். கிழக்கு ஜேர்மனியிலே மூலப்பொருளைச் சேமிக்க வேண்டிய தேவையிலிருந்து, எளிதில் உடையாத குடிகண்ணாடி ஒன்றை உருவாக்கினார்கள். சாதாரணக் கண்ணாடியைப் பொற்றாசியம் உப்புக் குழம்பிலே தோய்த்து அதன் மேற்பரப்பை இறுக்கும் முறை அது. 1980 முதல் 1990 வரை 10 கோடிக்கு மேற்பட்ட குவளைகள் செய்யப்பட்டன. ‘சூப்பர்பெஸ்ட்’ என்பது அதன் பெயர். ஜேர்மனி ஒன்றான பின் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. உடையாத குவளையை விற்பவனுக்கு மறுமுறை விற்பனை இல்லையல்லவா? சோசலிச நாடு என்று பெயர் கொண்ட நாடுகளிலே செய்யப்பட்டனவெல்லாம் உறுதியானவை என்று நாம் வாதிடவில்லை. மக்கள் வரிசையில் நின்றும் கிடைக்காத பொருள்களும், கிடைத்தும் பயன்படாத பொருள்களும் அங்கே இருந்தன. ஆயினும் ஒன்று தெளிவாகிறது: உடையாத பொருளைச் செய்யும் அறிவு மனிதனிடம் உண்டு. அந்த அறிவுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் இலாபம் மறுக்கிறது.

உறுதி என்பது நம் பகுதி மக்களுக்கு வெறும் வசதிப் பிரச்சினையன்று. 1978 நவெம்பர் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டியபோது கம்பங்களும் தென்னைகளும் ஒன்றாகச் சாய்ந்தன. குப்பி விளக்கும் மண்ணடுப்புமே வீட்டைத் தாங்கின. போர்க்காலத்திலே படுவான்கரையின் பல ஊர்கள் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. வடக்கிலே பொருளாதாரத் தடையின் நடுவே, ஜாம் போத்தலிலே பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு மாணவர் படித்தனர். மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அந்த டைனமோவை ஒரு மாணவன் பிரித்துப் பொருத்த முடிந்தது என்பதே அங்கே முக்கியம். 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நேர்ந்தது. சமையல் வாயுவும் கிடைக்கவில்லை. அந்நாட்களில் ஒளிரும் குறிகள் கொண்ட அடுப்புகள் இருண்டு கிடக்க, விறகடுப்பு மீண்டும் எரிந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலில் ஏறியபோது, வாழைச்சேனைத் துறைமுகத்து மீனவனின் படகும் அவன் வீட்டு விளக்கும் ஒன்றாக அடிபட்டன. ஆகவே எளிய பொருளும் விதியினின்று தப்பியதன்று. ஆனால் இடர்வரும் வேளையிலே தன் கையாலே திருத்தக்கூடிய பொருள் உள்ளவன் சற்று நிமிர்ந்து நிற்கிறான்.

கையாலே திருத்தும் அறிவு எங்கிருந்து வந்தது? மேலே சொன்ன கடைக்காரர் தமது இளமையிலே வாழைச்சேனைக் காகித ஆலையின் பட்டறையிலே வேலை பழகியவர். 1950களின் நடுப்பகுதியில் அரசு நிறுவிய அவ்வாலை, நெல் வைக்கோலைக் கொண்டு காகிதம் செய்தது. காகிதத்தோடு அது இன்னொன்றையும் உற்பத்தி செய்தது. அதனை எந்தக் கணக்கறிக்கையிலும் காண முடியாது. இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் துணிந்த தொழிலாளரை அது உருவாக்கிற்று. பொது ஆலையிலே ஒரு பாகம் தேய்ந்தால் அங்கேயே கடைந்து செய்ய வேண்டியிருந்தது. ஒருவன் கற்றதை மற்றவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1977க்குப் பிந்திய திறந்த இறக்குமதியும், போரும், பராமரிப்பின்மையும் சேர்ந்து அவ்வாலையை நலியச் செய்தன. இரும்பு தேய்ந்ததால் ஓய்ந்த ஆலையன்று அது. அக்கறை தேய்ந்ததால் ஓய்ந்தது. அதன் எச்சமாகத்தான் வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் இத்தகைய கடைகள் இன்றும் இருக்கின்றன. தமிழரின் விசிறியும் முஸ்லிம்களின் விசிறியும் அங்கே ஒரே மேசையிலே திறந்து கிடக்கின்றன. இந்தக் கடைகளை மூடச் செய்யும் சக்தி குண்டுக்கு இருக்கவில்லை. பசையிட்டு ஒட்டிய பெட்டிக்கு இருக்கிறது.

இலக்கியம் பேசும் ஏடொன்றிலே இவற்றையெல்லாம் ஏன் எழுதுகிறீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். விளம்பரமும் ஓர் இலக்கியமே. இன்று நம் மக்கள் மிக அதிகமாக வாசிக்கும் இலக்கியம் அதுதான். அதன் மொழியை விமர்சகன் ஆராயாமல் விட்டால் வேறு யார் ஆராய்வர்? ‘அறிவார்ந்த’ இயந்திரம் என்கிறது அது. அறிவு பொருளுக்குப் போகும்போது, அறியாமை யாருக்கு எஞ்சுகிறது? பராமரிப்பே தேவையில்லை என்று பெருமை பேசுகிறது; பராமரிக்க முடியாது என்பதே அதன் பொருள். இலகு தவணை என்கிறது. இலகு யாருக்கு என்று சொல்வதில்லை. விளம்பரத்திலே வரும் பெண் எப்போதும் சிரித்தபடியே பொத்தானை அழுத்துகிறாள். மாத முடிவிலே கடன் வசூலிப்பவர் வாசலில் நிற்கும்போது அவள் என்ன செய்கிறாள் என்று அந்தப் படம் காட்டாது. 2018இல், வறட்சி கண்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்க நேர்ந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. கடன் நம் கிராமத்துப் பெண்ணின் கழுத்தை எவ்வளவு இறுக்கியிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

நமது எழுத்தாளர் பலர் இந்த வாசலைத் தாண்டி உள்ளே போகாமலே நிற்கின்றனர். அம்மி மறைந்ததற்கு இரங்குவர். வானொலிப் பெட்டியை நினைந்து உருகுவர். ஆனால் தவணைப் புத்தகத்தோடு கடைவாசலில் நிற்கும் பெண்மணி அவர்களுடைய கதைக்குள் வருவதில்லை. இரங்குதல் எளிது, கணக்குப் பார்த்தல் கடினம். மக்கள் வாழ்வைத் தீட்டுவதாகச் சொல்லும் இலக்கியம், மக்கள் வீட்டிலே இறந்துகிடக்கும் இயந்திரத்தையும் அதன் கடனையும் காணாமற் போவது எங்ஙனம்?

வெளியுலகிலே சில அசைவுகள் தோன்றியுள்ளன. பிரான்சு 2015இல், பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2021 முதல் சலவை இயந்திரம் போன்றவற்றின்மீது, அவற்றை எவ்வளவு எளிதாகத் திருத்தலாம் என்று புள்ளியிட்டு விற்க வேண்டுமென்று விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல், திருத்தும் உரிமையை முன்னிட்டு ஒரு நெறியாணையை நிறைவேற்றியது. இந்தியாவிலும் 2022 ஜூலையில் நடுவண் அரசு இதுபற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. இவை முதலாளித்துவத்தின் மனமாற்றம் என்று நாம் மயங்க வேண்டியதில்லை. மக்கள் எழுப்பிய கேள்விகளின் விளைவுகள் இவை. நம் நாட்டிலே நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. விலையைப் பற்றிக் கேட்பது போலவே, உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், பெட்டியைத் திறக்கலாமா, தவணைக்காலம் முழுவதும் உத்தரவாதம் உண்டா என்றும் நாம் அங்கே கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி மிக எளியது, மிக நேர்மையானது. 24 மாதம் பணம் வாங்குகிறவன் 24 மாதமாவது பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

சட்டத்துக்காகக் காத்திராமலே ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியன உண்டு. விஞ்ஞானப் பாடத்திலே மின்சுற்றைக் கரும்பலகையில் வரைவதோடு நில்லாமல், பழுதான விசிறியொன்றை மேசைமீது வைத்துத் திறந்து காட்டலாம். பெண்பிள்ளைகள் கையிலும் திருப்புளியைக் கொடுக்கலாம். பொருளோடு அதிகம் உழைப்பவளுக்கே அதன் உள்ளமைப்பு முதலிலே தெரிய வேண்டும். 1957 முதல் ஊர்தோறும் எழுந்த பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அரிசியும் சீனியும் மட்டுமே விற்க வேண்டுமென்ற விதி எங்கே இருக்கிறது? உதிரிப் பாகங்களைச் சேர்த்து வைக்கவும், ஊர்த் தொழிலாளரைக் கொண்டு திருத்திக் கொடுக்கவும் அவற்றால் இயலாதா?

அன்று மாலை நாம் கடையை விட்டுப் புறப்படுகையில், தையல் இயந்திரம் வார் மாட்டப்பட்டு முச்சக்கர வண்டியில் ஏற்றப்பட்டது. சலவை இயந்திரம் அங்கேயே நின்றது. “உள்ளிருக்கிற மோட்டார் நல்லாத்தான் கிடக்கு சேர், பலகைதான் செத்துப் போச்சு” என்றார் கடைக்காரர். பலகையை நீக்கிவிட்டு, சாதாரண ஆளியும் நேரம் குறிக்கும் திருகு ஒன்றும் பொருத்தி அதனை ஓட வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முடியுமா என்று கேட்டோம். உறுதி சொல்ல முடியாது என்றார். ஆனால் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பெண்மணியும் போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் அமர்ந்து, திறந்து கிடந்த இயந்திரத்தின் உள்ளே முதன்முறையாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் எட்டு மாதம் பணம் கட்ட வேண்டியிருந்த பொருள் அது.